முப்பது அங்குலப் பச்சைப் பெட்டி: ஆறு மாதம் வைத்திருந்த பிறகு

பொருள், தகர டிரங்குப் பெட்டி. நீளம் 30 அங்குலம், அகலம் 18, உயரம் 14. தகரம் 22 கேஜ் (தகட்டின் தடிமன் அளவு, பின்னால் சொல்கிறேன்). விலை 1,850 ரூபாய், பூட்டு தனி. வாங்கியது தருமபுரி கடைவீதியில், பெயர்ப் பலகையே இல்லாத ஒரு தகரக் கடையில். ஒரு செமஸ்டர் முழுக்க இதோடு குடும்பம் நடத்தியாகிவிட்டது. சூட்கேஸ் வாங்குவதென்றால் போனில் தட்டினால் போதும், ஆயிரம் பேர் நல்லது கெட்டது எழுதி வைத்திருக்கிறார்கள். டிரங்குப் பெட்டிக்கு ஒருவரும் எழுதக் காணோம். விடுதிக்குக் கிளம்பும் முன் நானும் தேடிப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியை நான் கேட்கவில்லை. நான் கேட்டது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் தொங்கிய, சக்கரம் வைத்த நீலப் பை. 1,600 ரூபாய். கைப்பிடியை இழுத்தால் நீளும், அழுத்தினால் உள்ளே போகும். அதை உருட்டிக்கொண்டு காலேஜ் கேட்டுக்குள் நுழைவதாக ஒரு வாரம் நினைத்து நினைத்து வைத்திருந்தேன். அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "எலி கடிச்சா?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கம் இது வீட்டுக்கு வீடு இருக்கிற கதைதான். மானாவாரி நிலம். மழை வந்தால் சாமையும் கேழ்வரகும். வராவிட்டால் பெங்களூர் பஸ். பதினாறு வருடமாகக் கட்டிடத்துக்குக் கட்டிடம் மாறி, ஷெட்டில் தங்குகிறவர் அவர். எலி, கரையான், மழை, பக்கத்துப் படுக்கைக்காரர் கை எல்லாவற்றிலிருந்தும் அவர் சட்டையையும் சம்பளத்தையும் காப்பாற்றியது ஒரு தகரப் பெட்டி. வீட்டை விட்டுப் போய்த் தங்குவது என்றாலே அவருக்கு அதுதான் ஞாபகம் வரும். நான் போவது விடுதிக்கு, அங்கே அலமாரி கொடுப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அலமாரி அவங்களுது. பெட்டி உன்னுது" என்றார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

இன்னொன்று. நான் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சீட் கிடைத்ததால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கம் கட்டுகிறது. ஆக நான் இன்ஜினியரிங் சேர்ந்ததற்கு எங்கள் கையிலிருந்து போன பெரிய செலவே இந்தப் பெட்டிதான். மூன்று பேர் சேர்ந்து ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியதற்கு அதுவும் காரணம். (மூன்றாவது ஆள் தம்பி. ஐந்தாவது படிக்கிறான். எல்லாப் பெட்டிக்குள்ளும் உட்கார்ந்து பார்த்தான்.)

கடை என்பதைவிடப் பட்டறை என்று சொல்லலாம். வாசலில் முறம், தண்ணீர் டிரம், கோழிக்கூண்டு, தானியம் கொட்டி வைக்கிற பெரிய டின். உள்ளே கூரை முட்டப் பெட்டிகள், பெரியதற்குள் சின்னது, அதற்குள் அதைவிடச் சின்னது. கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மரச் சுத்தியால் ஒரு தகட்டின் ஓரத்தை மடக்கிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்:

"காலேஜுக்கா, கல்யாணத்துக்கா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், காலேஜுக்கு என்று. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன படிக்கப் போற பாப்பா?"

"ஈ.சி.ஈ."

"அப்டின்னா?"

"எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்."

"ரேடியோ" என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பாவும் தலையாட்டினார்.

அந்தக் கேள்வியை அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் வியாபாரத்துக்கு இரண்டே சீசன், இரண்டுக்கும் பெட்டி வேறு. கல்யாணப் பெட்டி சிவப்பு, மூடியில் தாமரை. காலேஜ் பெட்டி பச்சை அல்லது நீலம், படம் கிடையாது. எனக்கு இது முன்னமே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கடைக்கு வந்திருக்கிறேன், பெரியம்மா மகளுக்குப் பெட்டி எடுக்க. பன்னிரண்டாவதில் அக்கா எடுத்தது நான் எடுத்ததைவிட 31 மார்க் அதிகம். தாமரை சின்னதாக இருக்கிறது, பெரிய தாமரை போட்டது வேண்டும் என்று அன்றைக்கு அடம் பிடித்தவள் நான்தான். அக்கா ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்று பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

கேஜ் பற்றித் தெரியாமல் போய் ஏமாறாதீர்கள். நம்பர் ஏற ஏறத் தகடு மெலிசு. 24 கேஜ் என்பது 22-ஐவிட மெல்லியது. விலையும் குறைவு, எடையும் குறைவு. மூடியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 'டொப்' என்று உள்ளே போய், விட்டால் திரும்பி வரும். 22 அப்படிப் போகாது, மேலே ஆளே உட்காரலாம். பெரியவர் இதை எல்லாம் அழுத்திக் காட்டித்தான் விற்றார், மறைக்கவில்லை. பச்சையில் 24 கேஜ்தான் இருந்தது. அப்பாவுக்கு 22 வேண்டும். 30 அங்குலத்தில் 22 கேஜ் ஒன்றே ஒன்று பாக்கி. சிவப்பு, தாமரையோடு.

"மேல ரெண்டு கோட்டு பச்சை அடிச்சிட்டா தாமரை தெரியாது. புதன்கெழமை வாங்க" என்றார். 2,100 சொன்னது 1,850-க்கு வந்ததும் அந்தத் தாமரையால்தான்.

புதன்கிழமை எடுத்து வந்தோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை என்பதால் எனக்கு விலையில்லா டிக்கெட். பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட். "பெட்டி ஆம்பளை" என்றான் தம்பி. கண்டக்டர் உட்படப் பஸ்ஸே சிரித்தது.

எடை விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பெட்டியின் பெரிய குறை அதுதான். அம்மா புளியங்கொட்டை எடுக்கப் போகிற இடத்துத் தராசில் வைத்துப் பார்த்தோம். வெறும் பெட்டி பத்தரைக் கிலோ. எல்லாம் வைத்த பிறகு 33. என்ன வைத்தோம்? துணி, போர்வை இரண்டு, சர்டிபிகேட் ஃபைல், ஆங்கில அகராதி, கொள்ளுப் பொடி, எள்ளுருண்டை, இரண்டு கிலோ நிப்பட்டு (தட்டை மாதிரிப் பலகாரம்), வேடியப்பன் கோயில் விபூதி, ஆயா தன் பழைய புடவையில் தைத்த மெத்தை விரிப்பு. மூடியின் உள்பக்கம் அப்பா ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு, ஆனால் வெறும் கம்பி வளையம். இருநூறு அடி தூக்கினால் உள்ளங்கையில் கோடு விழும். ஒரு ஆளால் தூக்கவே முடியாது. தருமபுரியில் பஸ் மாறி, கிருஷ்ணகிரியில் இன்னொரு பஸ் மாறி, விடுதி வாசலில் அப்பாவும் நானும் அதை இறக்கி வைத்தபோது இரண்டு பேருக்கும் பேச மூச்சில்லை. (கல்லூரி எது என்று வேண்டாம். மதிப்புரை பெட்டிக்குத்தான்.)

அங்கே பார்த்தால் எல்லோரும் சக்கரம். நீலம், ரோஸ், ஊதா. தரையில் கடகடவென்று உருண்டு போகிறது. நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாமி தூக்குகிற மாதிரி நடந்தோம். யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் பார்ப்பது போல எனக்கு இருந்தது. அப்பா சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்று நினைத்தேன். அவர் பூட்டை மூன்று முறை போட்டுத் திறந்து பார்த்தார், "சரியா விழுதா பாத்துக்கோ" என்றார், கிளம்பிவிட்டார். ஏன் இவ்வளவு சீக்கிரம் கிளம்பினார் என்று நினைத்தேன். இரண்டும் பத்து நிமிடத்துக்குள்.

முதல் வாரம் பெயிண்ட் நாற்றம். எனாமல் பெயிண்ட் காய்ந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் மூடி வைத்தால் உள்ளே நாற்றம் அடைந்துகொள்ளும். என் சுடிதார், துண்டு, நோட்டு, நிப்பட்டு எல்லாம் புதுசாகச் சுண்ணாம்பு, பெயிண்ட் அடித்த வீடு மாதிரி வாசம். வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் இரண்டு நாள் சுவரை முகர்ந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் என்னைப் பார்த்தாள். வாங்குகிறவர்கள் பத்து நாள் முன்னாலேயே வாங்கி, மூடியைத் திறந்து வெயிலில் வைத்துவிடுங்கள்.

அந்த மூன்றாம் நாள்தான் எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். பெயர், ஊர், பள்ளி, என்ன பிடிக்கும். ராத்திரியே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் பெயர் வந்தது, ஊர் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. கை தானாக வாயை மூடிக்கொண்டது. அது என் பழைய பழக்கம். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புத் திட்டு நிற்கும், தேய்த்தால் போகாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, காவிரித் தண்ணீர் வருவதற்குள் எனக்கு முன்பல் முளைக்கிற வயது வந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த தம்பிக்கு வெள்ளை வெளேரென்று பல். எங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான் போட்டோவில் வாயைத் திறந்து சிரிப்பான்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். மேடம் "இட்ஸ் ஓகே" என்றார், உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி முடிவு பண்ணினேன், ஊருக்குப் போய்விடுவது என்று. ஒரேயடியாக. தருமபுரியிலேயே கலைக் கல்லூரியில் ஏதாவது பாடம் கேட்டுப் பார்க்கலாம், டவுன் பஸ்ஸில் போய் வரலாம் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருடமாக இந்தச் சீட்டுக்காகத்தான் படித்தேன் என்பதும், கலந்தாய்வில் இந்தக் கல்லூரி கிடைத்த அன்று தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்தோம் என்பதும் ஞாபகம் இருந்தது. இருந்தும் போய்விட வேண்டும் போல இருந்தது. நாலரை மணிக்கு எழுந்து, எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன்.

தகரம் மொசைக் தரையில் உரசுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பல் கூசும். நாலு அடி இழுத்து நிறுத்தினேன். மறுபடி இழுத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தேன்கனிக்கோட்டைக்காரி. வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், தூக்கத்தில் எது என்று தெரியாது. மூன்று நாளில் நாங்கள் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும்.

"எங்க, ஊருக்கா?"

ஆமாம் என்றேன்.

போகாதே என்று சொல்வாள், அழ ஆரம்பித்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவள் முடியை முடிந்துகொண்டு இறங்கி வந்து, "அந்தப் பக்கம் நீ புடி. இந்தப் பக்கம் நான்" என்றாள்.

தூக்கினோம். அறை இரண்டாவது மாடி. வராந்தாவிலேயே மூன்று இடத்தில் இறக்கி வைத்தோம். படியில் இறங்கும்போது எடை முழுக்கக் கீழே இருந்த அவள் கைக்குப் போனது. அரை மாடி இறங்கி, படி திரும்புகிற இடத்தில் அவள் பெட்டியை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். 22 கேஜ், கொஞ்சமும் அமுங்கவில்லை. நானும் உட்கார்ந்தேன். அப்போதும் அமுங்கவில்லை.

"இதுல என்னதான் வச்சிருக்க?"

"நிப்பட்டு."

"இவ்ளோ வெயிட்டா?"

எழுந்து, பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பெயிண்ட் வாசத்தோடு இரண்டு பேரும் தின்றோம். படிக்கட்டு ஜன்னலில் வெளிச்சம் வர ஆரம்பித்தது. அவளுக்கும் முதல் நாள் ராத்திரி தூக்கம் இல்லையாம். தான் பேசுகிற தமிழைக் கேட்டு யாராவது சிரிப்பார்களோ என்று வகுப்பில் வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, பெரிய இடத்துப் பெண் போல, திமிர் என்று நினைத்தாளாம். டிரங்குப் பெட்டியோடு வந்த பெரிய இடத்துப் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை என்றேன். ஐந்தரை மணி ஆயிற்று. கீழே இன்னும் ஒன்றரை மாடி. "இறக்கறதா, ஏத்தறதா? சீக்கிரம் சொல்லு, கை நோவுது" என்றாள்.

ஏற்ற இரண்டு பேர் போதவில்லை. மேலே போய் இன்னும் இரண்டு பேரை எழுப்பி வந்தாள். அதில் ஒருத்தி பாலக்கோட்டுப் பக்கம். நிப்பட்டைக் கடித்துவிட்டுச் சிரித்தாள். முன்பல் இரண்டிலும் என்னைப் போலவே பழுப்பு. "உங்க ஊர்லயும் போர் தண்ணியா?" என்று நான் கேட்க, "பின்ன?" என்றாள். நாலு பேராகத் தூக்கினால் இந்தப் பெட்டி ஒன்றுமே இல்லை.

சக்கரம் வைத்த பையாக இருந்திருந்தால் நான் அன்றைக்கு ஆறு மணி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். எடை என்பதைக் குறை என்று எழுத உட்கார்ந்தேன். அப்படியே எழுதிவிட்டுப் போவதா, இதையும் சேர்த்துச் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் இதைச் சேர்த்தேன். மற்றபடி, ஒவ்வொரு வாரமும் ஊருக்குப் போய் வர நினைப்பவர்களுக்கு இது உதவாது. ஒரு முறை கொண்டுபோய் வைத்தால் வைத்ததுதான்.

மற்ற குறைகள். கட்டிலுக்கு அடியில் பெட்டி போகிறது, ஆனால் உள்ளே இருக்கும்போது மூடியைத் திறக்க இடம் இல்லை. ஒரு ஹேர்பின் வேண்டுமென்றாலும் முழுசாக வெளியே இழுக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் நான் என்ன எடுக்கிறேன், எப்போது எடுக்கிறேன் என்று அறைக்கே தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு எள்ளுருண்டை ரகசியமாகத் தின்பது நடக்காத காரியம். சத்தத்துக்கு மருந்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் நாலு மூலையிலும் ஒட்டுவது. நாதாங்கி ஒரு நூல் தள்ளி விழும். மூடியை முழங்காலால் அழுத்திக்கொண்டுதான் பூட்ட முடியும். கடையில் கொடுத்த 60 ரூபாய்ப் பூட்டு ஹேர்பின்னுக்கே திறந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது இல்லையா, அதில் முதல் மாதப் பணத்தில் 240 ரூபாய்க்கு நல்ல பூட்டு வாங்கினேன். ஒரு மூலையில் துரு. அது என் தப்பு, ஈரத் துண்டை மேலே போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

நல்லது என்றால், எறும்பு உள்ளே போனதே இல்லை. போர்வையை நாலாக மடித்து மேலே போட்டால் அயர்ன் பண்ண மேசை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் எழுதுகிற பலகை. செமஸ்டருக்கு நான் படித்தது பூராவும் அதன் மேல்தான். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கி, காலையில் கன்னத்தில் நாதாங்கி அச்சு விழுந்திருந்தது. தேன்கனிக்கோட்டைக்காரியின் ஊதாப் பை இரண்டாம் மாதமே ஒரு சக்கரத்தை இழந்து, இப்போது நொண்டி மாடு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து போகிறது.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. வெளியே இழுத்து, மூடியைத் திறந்து, குனிந்தால்தான் முகம் தெரியும். அவசரத்துக்கு ஆகாது. ஆனால் பாலக்கோட்டுக்காரியும் நானும் காலையில் ஒரே நேரத்தில் குனிந்து பொட்டு வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் பல்லும் தெரியும். இப்போது பழகிவிட்டது.

அந்த விபூதிப் பொட்டலத்தாலும் ஒரு நன்மை நடந்தது. முதல் செமஸ்டரில் 'தமிழர் மரபு' என்று ஒரு பாடம் உண்டு. அதில் நடுகல் முதல் நவீன சிற்பங்கள் வரை என்று ஒரு பகுதி. நடத்த வந்த சார், நடுகல்லை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். நான் ஒன்றும் பார்த்ததில்லை என்றுதான் உட்கார்ந்திருந்தேன். போர்டில் படம் போட்டார். கையில் வில், இடுப்பில் கத்தி, பக்கத்தில் ஒரு மாடு. பார்த்தால் எங்கள் வேடியப்பன். சின்ன வயதிலிருந்து பொங்கல் வைத்துக் கும்பிடுகிற கல்லு. எழுந்துவிட்டேன். "சார், எங்க ஊர்ல இருக்கு சார், நாங்க சாமி கும்புடறோம்" என்றேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாடு மீட்கப் போய்ச் செத்த வீரர்களின் கற்கள்தான் பல ஊர்களில் வேடியப்பனாக நிற்கின்றன என்று அவர் சொன்னார். தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள், நிறைய இருக்கிறது என்றார். அப்புறம் எங்கள் ஊர்க் கல் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். கை வாய்க்குப் போகவில்லை என்பதை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். அன்று சாயங்காலம் அறையில் இருந்த எல்லோர் நெற்றியிலும் எங்கள் ஊர் விபூதி.

தீபாவளிக்கு ஊருக்கு ஒரு துணிப் பையோடு போனேன். அது ஒரு மாதிரியாக இருந்தது. சீப்பு எங்கே என்றால் பெட்டியில். சார்ஜர் எங்கே, பெட்டியில். ஆயா நாலாவது முறை கேட்டுவிட்டு, "அப்ப உன் வூடு அங்கன்னு சொல்லு" என்றாள். கோபமாகச் சொன்னாளா, கிண்டலா என்று பிடிபடவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த நாளே, அறையில் யார் யார் திரும்பி வந்திருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பரில் பச்சை உரிய ஆரம்பித்தது. கால் பட்டுப் பட்டு, மூடியின் நடுவில் முதலில் ஒரு சிவப்புக் கீற்று, பிறகு இதழ். இப்போது பாதித் தாமரை தெரிகிறது. வெயில் சாய்வாக விழுந்தால் மீதிப் பாதியும் பெயிண்டுக்குக் கீழே புடைத்துக்கொண்டு தெரியும். "இன்னாடி, கல்யாணப் பெட்டியா?" என்று கேட்காத ஆள் இல்லை. பொங்கலுக்கு அக்கா வந்திருந்தபோது போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னுது இன்னும் அப்படியே இருக்கு. மேல துணி போட்டு வச்சிருக்கேன்" என்றாள். அப்புறம், கரஸ்ஸில் பி.ஏ. சேர என்னென்ன சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்டாள். அவள் குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டாள். நான் விசாரித்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.

விற்பனைக்குப் பின் கவனிப்பு எப்படி என்று பார்க்க அதே பொங்கல் லீவில் கடைக்குப் போனேன். ஒரு பக்கக் கைப்பிடி ரிவிட் தளர்ந்து ஆடியது. எடையைப் பற்றியும் புகார் சொல்ல ஆசை. ஆனால் அதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். போனில் போட்டோ காட்டினேன். பெரியவர் என்னை மறக்கவில்லை. "ரேடியோப் பாப்பா" என்றார். தாமரை வெளியே வந்ததைக் காட்டியதும், "சொன்னனே, நல்ல பெயிண்டுன்னு" என்றார். எந்தப் பெயிண்டைச் சொல்கிறார் என்று கேட்க நினைத்தேன், விட்டுவிட்டேன். கைப்பிடிக்கு ரிவிட் உன்னால் அடிக்க முடியாது என்று சொல்லி, பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கைப்பிடி ஒரு ஜோடியும், நாலு போல்ட் நட்டும் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நானே மாட்டினேன். உள்ளங்கையில் இப்போது கோடு விழுவதில்லை. இந்தக் கைப்பிடியை முதலிலேயே போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது செமஸ்டரில் எங்களுக்கு ஒர்க்‌ஷாப் லேப். அதில் தகர வேலை உண்டு. சதுரமாக ஒரு தட்டுச் செய்ய வேண்டும். தகட்டில் கோடு கிழித்து, கத்தரியால் மூலைகளை வெட்டி, நாலு பக்கமும் நிமிர்த்தி, கையைக் கிழிக்காமல் இருக்க ஓரத்தை மடக்கி அடிக்க வேண்டும். சொல்ல எளிது. மூன்று மணி நேரம் போராடினேன். என் தட்டைத் தரையில் வைத்தால் ஒரு கால் தூக்கி நிற்கும். ஓரம் ஒரு இடத்தில் மடிந்திருக்கும், ஒரு இடத்தில் அலை அடித்திருக்கும். கட்டை விரலில் ஒரு வெட்டு. அன்று ராத்திரி பெட்டியை வெளியே இழுத்து, விரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். 30 அங்குலத்துக்கும் ஒரே மடிப்பு, எங்கும் விரல் தடுக்கவில்லை. ஆறு மாதமாகத் திறந்து மூடுகிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

போன வாரம் ஊருக்குப் போகிற வழியில், தருமபுரியில் இறங்கி, அந்தத் தட்டைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மார்க் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டார். பத்துக்கு ஆறு என்றேன். "நாலு போடலாம்" என்றார். மரச் சுத்தியால் இரண்டு இடத்தில் தட்டினார், கால் தூக்குவது நின்றது. கோணல் நிற்கவில்லை. திருப்பிக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். அவர் மேசை மேல் சிதறிக் கிடந்த ரிவிட்டுகளை அள்ளி அதில் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரிடம் "காலேஜுக்கா, கல்யாணத்துக்கா?" என்று கேட்கப் போய்விட்டார்.

கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை என்று சொன்னேன் அல்லவா. வாசலில் கோழிக்கூண்டு தொங்கும், உள்ளே மரச் சுத்திக்குப் பக்கத்தில் கோணலாக ஒரு தட்டு, அதில் ரிவிட் இருக்கும். அந்தக் கடைதான்.